வாழும் நகரில் வாக்கு வேண்டும்: வானம் பார்த்த பூமியிலிருந்து சென்ற இளையோருக்கு ஒரு திறந்த மடல்

பந்தல்குடியிலிருந்தும் அதைச் சூழ்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரத்து ஊர்களிலிருந்தும் புறப்பட்டு, சென்னையிலும் திருப்பூரிலும் கோவையிலும் மதுரையிலும் உழைத்தும் படித்தும் வாழ்ந்துகொண்டிருக்கும் இளையோரே!

ஆண்டின் பெரும்பகுதியை நீங்கள் கழிப்பது ஒரு நகரத்தில். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பது இன்னோர் ஊரில். தேர்தல் நாளுக்கு முந்தைய இரவு சிறப்புப் பேருந்திலோ யாரோ ஏற்பாடு செய்த வண்டியிலோ ஊருக்கு வந்து, விரலில் மை வைத்துக்கொண்டு, அன்று மாலையே திரும்பிவிட்டால் குடிமகனின் கடமை முடிந்துவிட்டதாக நீங்கள் கருதிவருகிறீர்கள். அந்த வழக்கம் உங்களுக்கும் இழப்பு, நீங்கள் குடியிருக்கும் நகரத்துக்கும் இழப்பு, நீங்கள் பிறந்த ஊருக்கும் எண்ணியபடி பயன் தராதது என்பதை நேருக்கு நேர் சொல்லி, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோளை வைப்பதற்காகவே இம்மடல் எழுதப்படுகிறது.

உங்களை நகரத்துக்கு அனுப்பியது ஆசை மட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் கம்பும் மல்லியும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலும் கரிமூட்டமும் என்றிருக்கும் கரிசல் காட்டில், கண்மாய் பெருகாத ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தபோது, அருப்புக்கோட்டையின் விசைத்தறியும் நூற்பாலையும் தாங்க முடிந்த அளவுக்கு மேல் மிஞ்சிய கைகள் தூத்துக்குடிச் சாலையில் பேருந்து ஏறின. அந்தக் கைகள் இன்று அம்பத்தூர், ஒரகடம் தொழிற்கூடங்களிலும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும், உணவு கொண்டுசேர்க்கும் வண்டிகளிலும், மருத்துவமனைகளின் இரவுப் பணியிலும் நகரங்களை இயக்கிக்கொண்டிருக்கின்றன. நகரத்தின் வாடகைச் சந்தைக்கும் பேருந்து வசூலுக்கும் நீங்கள் ஒரு பெரிய எண்ணிக்கை. நகரத்தின் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் மட்டும் நீங்கள் இல்லை. உங்கள் மீது வைக்கப்படும் குறையும் உங்களுக்காக முன்வைக்கப்படும் முறையீடும் இந்த ஒன்றிலிருந்தே தொடங்குகின்றன.

இளைய வாக்காளர்கள் நகர அரசியலை முற்போக்குத் திசைக்குத் திருப்புகிறார்கள் என்ற பேச்சு இப்போது உலகெங்கும் கேட்கிறது. முற்போக்கு அரசியல் என்று இங்கே குறிப்பது, ஒரு சமூகத்தின் வளமும் வசதியும் மதிப்பும் பிறப்பையும் சொத்தையும் பார்த்துப் பங்கிடப்படாமல் அனைவர்க்கும் பொதுவாக விரிய வேண்டும் என்று கேட்கும் அரசியலை. 2025 நவம்பர் 4 அன்று நியூயார்க் மாநகரத் தலைவராக 34 வயதான சோரான் மம்தானி தேர்ந்தெடுக்கப்பட்டது அதற்கு அண்மைய சான்றாகக் காட்டப்படுகிறது. வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஏறத்தாழ பத்து லட்சம் குடியிருப்புகளில் வாடகையை உயர்த்தாமல் நிறுத்துவது, நகரப் பேருந்தைக் கட்டணமின்றி ஓட்டுவது, குழந்தைப் பராமரிப்பை எல்லோருக்கும் எட்டச் செய்வது ஆகியவற்றையே அவர் முதன்மையாக முன்வைத்தார். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த அத்தேர்தலில், 1969-க்குப் பிந்தைய எந்த மாநகரத் தலைவர் தேர்தலிலும் காணாத அளவுக்கு வாக்குகள் பதிவாயின. இளையோரின் பெரும்பான்மை அவர் பக்கம் நின்றது.

அந்த வெற்றியில் நீங்கள் கவனிக்க வேண்டியது வென்றவரின் வயதைக் காட்டிலும் வாக்களித்தவர்களின் முகவரியை. அவர்களில் மிகப் பலர் அந்நகரத்தில் பிறந்தவர்களோ வீட்டு உரிமையாளர்களோ அல்லர். வேறு மாநிலங்களிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்து, சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகையாகக் கொடுத்துவிட்டு எஞ்சியதில் வாழ்கிறவர்கள். வேட்பாளரே உகாண்டாவின் கம்பாலா நகரில் பிறந்து, சிறு வயதில் அங்கே வந்து சேர்ந்தவர். வந்தேறிய நகரத்தை அவர்கள் தங்கள் ஊராகப் பதிவுசெய்துகொண்டதால்தான், வாடகையும் பேருந்தும் ஒரு மாநகரத் தேர்தலின் மையப் பொருளாக முடிந்தது. வாடகைக்குக் குடியிருப்போர் பட்டியலில் இல்லாத நகரத்தில் வாடகையைப் பற்றிப் பேச எந்த வேட்பாளருக்கும் தேவை எழாது.

இளமை தன்னளவிலேயே முற்போக்கைக் கொண்டுவந்துவிடும் என்று நம்புவதற்குச் சான்று இல்லை. 2022 மே மாதம் காத்மாண்டு மாநகரத் தலைவராக, எந்தக் கட்சியையும் சாராமல் நின்று வென்ற பாலேந்திர ஷாவுக்கு அப்போது 32 வயது. பழைய கட்சிகளின் மீது இளையோர் கொண்ட சலிப்பே அவரை வெற்றிபெறச் செய்தது என்றாலும், அவருடைய நிர்வாகத்தில் நடைபாதை வணிகர்களை நகரக் காவலர்கள் விரட்டிய விதம் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. திருவனந்தபுரத்தில் 2020 டிசம்பரில் 21 வயதிலேயே ஆர்யா ராஜேந்திரன் மாநகரத் தலைவரானபோது நாடே வியந்தது. ஐந்தாண்டு கழித்து 2025 டிசம்பரில் நடந்த தேர்தலில் அவருடைய இடதுசாரி அணி அந்த மாநகராட்சியைப் பாரதிய ஜனதா கட்சியிடம் இழந்தது. நாற்காலியில் இளையவர் ஒருவர் அமர்வதும், அந்நகரத்தின் இளையோர் ஓர் அரசியல் திசையில் நிலைகொள்வதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதற்கு இவ்விரு நகரங்களும் போதிய எடுத்துக்காட்டுகள்.

இதற்கு நேபாளம் வரையோ கேரளம் வரையோ போகவும் வேண்டியதில்லை. பள்ளிக்கு வரும் பையனின் மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறம் அவன் இன்ன சாதி என்று அறிவிக்கும் நிலை தென்மாவட்டங்களில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன்பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அத்தகைய கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. வெட்டியவர்களும் இளையோரே, வெட்டுப்பட்டவர்களும் இளையோரே. ஆகவே, வயது குறைவு என்பதையே ஒரு கொள்கையாக உங்கள் மீது ஏற்றிப் புகழும் பேச்சுகளை நீங்கள் ஐயத்தோடே கேட்க வேண்டும்.

அப்படியானால் நகரத்து இளையோர் சில இடங்களில் முற்போக்குப் பக்கம் சாய்வதற்குக் காரணம் யாது? ஒரு நகரத்தில் சொத்தில்லாமல் வாழ்கிறவர் பொதுவான ஏற்பாடுகளை நம்பியே வாழ முடியும் என்பதுதான் அதன் வேர். கிராமத்தில் தண்ணீருக்குச் சொந்தக் கிணறும் ஆபத்துக்கு உறவுமுறையும் கைகொடுக்கும். நகரத்தில் குடிநீர் மாநகராட்சியின் குழாயிலிருந்தும், பயணம் அரசுப் பேருந்திலிருந்தும், மருத்துவம் நகர்ப்புறச் சுகாதார நிலையத்திலிருந்தும், பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் விடுதியிலிருந்தும் வர வேண்டும். அவற்றைப் பயன்படுத்துகிறவர், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரின் சாதியைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிடப் பேருந்து ஏன் வரவில்லை என்று அவரோடு சேர்ந்து கேட்பதில் தமக்கு நன்மை இருப்பதை நாளடைவில் உணர்கிறார். இந்த உணர்வு தானாக அரசியலாகிவிடாது. அது வாக்காக மாறும்போது மட்டுமே மன்றத்தின் தீர்மானத்தை மாற்றும்.

நகர மன்றத்தின் தீர்மானம் எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதற்கு நீங்களே உயிருள்ள சாட்சிகள். சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சரானபோது 1950களின் நடுவில் மதிய உணவு மாநிலத் திட்டமாக எட்டயபுரத்தில் தொடங்கி விரிந்தது. எட்டயபுரம் பந்தல்குடிக்குத் தெற்கே அதே தூத்துக்குடிச் சாலையில்தான் இருக்கிறது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. மானாவாரிக் காட்டுப் பள்ளியில் உங்கள் தட்டில் விழுந்த சோற்றுக்கும் முட்டைக்கும் ஒரு நகர மன்றத்தின் தீர்மானமே முன்னோடி. அன்றைய மாநகராட்சித் தேர்தலில் வாக்களிக்க முடிந்தவர்கள் சொத்தும் வரியும் உடைய சிலரே. இன்றோ, 1989 மார்ச் 28-இல் நடைமுறைக்கு வந்த 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைத்த பிறகு, அந்த மன்றத்தைத் தீர்மானிக்கும் உரிமை உங்கள் கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

கையில் வந்த உரிமையை நகரத்து இளையோர் எப்படிக் கைவிட்டார்கள் என்பதற்கு 2017 ஜனவரி ஒரு கசப்பான நினைவூட்டல். சல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் இளையோர் இரவு பகலாகக் கூடியபோது, அந்தக் கட்டுப்பாட்டையும் ஒற்றுமையையும் தமிழகமே கொண்டாடியது. அதே ஜனவரியில் சென்னைக்கு மாநகரத் தலைவர் இல்லை, ஒரு வார்டுக்கும் உறுப்பினர் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடைபெறாமல், ஐந்தாண்டுக்கும் மேலாக அதிகாரிகளே மாநகரங்களை நடத்தினார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலை நடத்த வேண்டும் என்பது, நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்து 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தத்தின் அடிப்படைக் கட்டளை. கடற்கரையில் கூடிய அத்தனை பேரில், தாம் குடியிருக்கும் தெருவுக்கு ஒரு பிரதிநிதி இல்லை என்பதை முழக்கமாக்கியவர்கள் இல்லாமல் போனதற்கு, அந்தத் தெருவைத் தம்முடையதாக அவர்கள் எண்ணவில்லை என்பது ஒரு முதன்மையான காரணம்.

2022 பிப்ரவரி 19-இல் ஒருவழியாக நடந்த தேர்தல் சில நல்ல மாற்றங்களைக் கொண்டுவந்தது. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்ற ஏற்பாட்டினால், 21 மாநகராட்சிகளில் பதினொன்றுக்குப் பெண்கள் தலைவர்களானார்கள். சென்னையில் 28 வயதான ஆர். பிரியா, அப்பொறுப்புக்கு வந்த முதல் பட்டியல் சாதிப் பெண்ணானார். வேலூர் மாநகராட்சியில் திருநங்கை கங்கா நாயக் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் வாக்குப் பதிவின் அளவு வேறொரு செய்தியைச் சொன்னது. பேரூராட்சிகளில் 74 விழுக்காட்டுக்கு மேலும், நகராட்சிகளில் 68 விழுக்காட்டுக்கு மேலும் பதிவான வாக்கு, மாநகராட்சிகளில் 52 விழுக்காடாகவும், சென்னையில் 44 விழுக்காட்டுக்கும் கீழாகவும் இறங்கியது. ஊர் பெரிதாகப் பெரிதாக உள்ளாட்சியின் மீதான பற்று சுருங்கியிருக்கிறது. இதில் நீங்கள் மறந்துவிடக்கூடாத ஒன்று உண்டு: சென்னையில் வாக்களிக்காமல் இருந்தவர்களின் எண்ணிக்கையில்கூட நீங்கள் சேரவில்லை, ஏனெனில் பதிவு விழுக்காடு பட்டியலில் உள்ளவர்களை வைத்துக் கணக்கிடப்படுவது; பட்டியலுக்கு வெளியே நிற்கும் நீங்கள் அந்நகரத்தின் அலட்சியத்திலும் பங்கில்லாதவர்கள், அதன் அக்கறையிலும் பங்கில்லாதவர்கள்.

பட்டியலுக்கு வெளியே நிற்கும் நல்லெண்ணத்தால் என்ன ஆகும் என்பதை 2025 ஆகஸ்ட் காட்டியது. சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்ததை எதிர்த்து, பெரும்பாலும் பட்டியல் சாதிப் பெண்களான தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்டு 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் முன்னால் நடைபாதையில் அமர்ந்து போராடினார்கள். 13-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்திக் கைது செய்தது. இளம் வழக்கறிஞர்களும் மாணவர்களும் அவர்களோடு நின்று அவர்களோடே கைதானார்கள் என்பது உங்கள் தலைமுறைக்குப் பெருமை சேர்க்கும் செய்தி. ஆனால் தனியார்மயத்தைத் தீர்மானித்த மன்றத்துக்குத் தலைமை வகித்தவர் அதே திரு.வி.க. நகர் மண்டலத்திலிருந்து வந்த இளம் பெண் தலைவர் பிரியா என்பதையும், இருநூறு வார்டுகளின் உறுப்பினர்களில் மிகச் சிலரே எதிர்க்குரல் எழுப்பினார்கள் என்பதையும் அதோடு சேர்த்தே படிக்க வேண்டும். நடைபாதையில் வந்து அமரும் ஆயிரம் பேரின் பரிவைவிட, வார்டுப் பட்டியலில் இருக்கும் ஐந்நூறு பேரின் கேள்விக்கு ஓர் உறுப்பினர் அதிகம் அஞ்சுவார். மக்களாட்சியில் அந்த அச்சம் பயனுள்ளது.

இனி, உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் எப்படி இருக்கிறது என்பதை நெருங்கிப் பார்க்கலாம். 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடைபெற்றது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கெடுப்புப் படிவத்தைக் கொண்டுசென்று, நிரப்பிக் கையெழுத்திட்டதைத் திரும்பப் பெறுவது அதன் முறை. ஊரில் அப்படிவம் வந்தபோது வாங்கிக்கொண்டவர் பெரும்பாலும் உங்கள் தாய்தான். “பய மெட்ராசுல இருக்கான், பொங்கலுக்கு வருவான்” என்று அவர் சொன்ன விடையைக் கேட்ட அலுவலருக்கு, உங்களை வீட்டில் இருப்பவராகக் கொள்வதா, குடிபெயர்ந்தவராகக் கொள்வதா என்பது விளங்கியிருக்காது. அதே நாட்களில், நான்கு பேர் பாயை அடுத்தடுத்து விரித்துப் படுக்கும் உங்கள் அம்பத்தூர் அறைக்கு முன்னால் இன்னோர் அலுவலர் வந்திருந்தாலும், கதவில் பூட்டுத்தான் தொங்கியிருக்கும். ஏனெனில் நால்வரும் வேலைக்குப் போயிருப்பார்கள்; கதவு திறந்திருந்தாலும், நால்வரின் பெயரும் அந்த வீட்டு எண்ணில் எப்போதுமே இருந்ததில்லை. டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில், முன்பு இருந்த 6.41 கோடிப் பெயர்களில் ஏறத்தாழ 97 லட்சம் இடம்பெறவில்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை குடிபெயர்ந்தோர் அல்லது முகவரியில் காணப்படாதோர் என்று நீக்கப்பட்டவை. இடம்பெயர்ந்து வாழும் உழைப்பாளிகளுக்கு இந்தத் திருத்தம் எவ்வளவு நியாயமாக நடந்தது என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, எங்கே வாழ்கிறோம் என்பதைத் தாமே அறிவித்துக்கொள்ளாதவரின் உரிமை எவ்வளவு எளிதில் காற்றில் போகும் என்பதை அந்த எண்கள் வெளிப்படுத்துகின்றன.

சட்டம் இதில் உங்களுக்கு எதிரானதன்று. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியிலேயே அவரை வாக்காளராகப் பதிவுசெய்யச் சொல்கிறது. ஓரிடத்தில் சொந்த வீடு இருக்கிறது என்பதனாலேயே ஒருவர் அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்றும் தெளிவாகச் சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போயிருப்பவர் ஊரின் உரிமையை இழப்பதில்லை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே அறுவடைக்கும் விதைப்புக்கும் ஊருக்கு வந்து நின்று, ஓரிரு ஆண்டில் திரும்பிவிட எண்ணியிருப்பவர் தம் பெயரை ஊரிலேயே வைத்துக்கொள்வது முறையே. ஆனால் ஐந்தாறு ஆண்டாக ஒரே நகரத்தில் உழைத்து, அங்கேயே திருமணமும் குழந்தையின் பள்ளியும் என்று வாழ்க்கையை அமைத்துக்கொண்டவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. இரண்டு இடத்திலும் பெயரை வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

இதற்கு எதிராக உங்கள் மனத்தில் எழும் தயக்கங்கள் சில உண்டு. வாக்கை மாற்றினால் ஊரில் ரேஷன் கார்டு போய்விடும், நிலத்தின் மேல் உரிமை தளரும் என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். குடும்ப அட்டையை உணவுப்பொருள் வழங்கல் துறையும், பட்டாவை வருவாய்த் துறையும், வாக்காளர் பட்டியலைத் தேர்தல் ஆணையமும் தனித்தனியே நிர்வகிக்கின்றன. வாக்கை மாற்றுவதால் பட்டாவின் ஓர் எழுத்தும் மாறாது. குலசாமி கோயிலின் வரிக்கும் திருவிழாவின் பங்குக்கும் வாக்காளர் அட்டை எக்காலத்திலும் தேவைப்பட்டதில்லை. நகரத்தில் முகவரிச் சான்று இல்லை என்பது இதைவிட உண்மையான தடை. வாடகை ஒப்பந்தம் எழுதித்தர வீட்டுக்காரர்கள் மறுக்கிறார்கள். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் கூறினாலும், சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் மறையவில்லை. ஆனாலும் வங்கிக் கணக்குப் புத்தகமோ, அந்த முகவரியிலுள்ள ஆதாரோ, எரிவாயு இணைப்பின் ரசீதோ போதும். ஆவணம் ஏதுமில்லாவிட்டால் அலுவலர் நேரில் வந்து விசாரித்துப் பதியவும் வழியுண்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், வீடு இருக்கும் ஊர், விடுதி இருக்கும் ஊர் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

இன்னொரு தயக்கம் பெருமையைப் பற்றியது. 1977-இல் அருப்புக்கோட்டைத் தொகுதி எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. நம் ஊர் வாக்கு ஒரு முதலமைச்சரையே உருவாக்கியது என்று சொல்லி வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் நீங்கள். அந்த வாக்கை ஊரிலிருந்து எடுத்துச்செல்வது ஊருக்குச் செய்யும் துரோகம் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை வந்துபோகிறவரின் வாக்கு ஊரில் எப்படிப் பயன்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். குடிநீர்த் தொட்டி எப்போது பழுதானது என்பதும், ஊரக வேலைத் திட்டக் கூலி எத்தனை வாரம் நிலுவையில் இருக்கிறது என்பதும் தெரியாதவர், கடைசி இரவில் வீட்டுப் பெரியவரோ சாதிச் சங்கத்துக்காரரோ சொல்லும் சின்னத்தைத்தான் அழுத்த நேரிடுகிறது. ஊரைப் பற்றிய தீர்மானத்தை ஊரில் இல்லாதவர்களின் மொத்த வாக்கு சாய்த்துவிடும்போது, அங்கேயே தங்கி அன்றாடம் அல்லல்படும் உங்கள் தங்கையின் தனி வாக்கு மதிப்பிழக்கிறது.

ஊர் வாக்கு மொத்த வாக்காகத் திரண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டமும் பக்கத்து மதுரை மாவட்டமும் சாட்சி. ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதனாலேயே, விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் மதுரை மாவட்டத்துப் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடைபெற முடியவில்லை. வேட்புமனு வராமலும், வந்தாலும் வென்றவர் உடனே விலகியும் அந்த ஊராட்சிகள் முடங்கிக் கிடந்து, 2006 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. அங்கே வாக்காளர்களுக்குக் குறைவிருக்கவில்லை; தனித்து நின்று முடிவெடுக்க விடப்பட்ட வாக்காளர்களுக்கே குறைவிருந்தது. அந்தக் கட்டிலிருந்து ஓரளவு விடுபட்டு, அக்கம்பக்கத்தார் சாதி அறியாத தெருவில் வாழும் வாய்ப்பை நகரம் உங்களுக்குத் தந்திருக்கிறது. வாக்கை மட்டும் பழைய கட்டுக்குள்ளேயே விட்டுவைத்தால், நகரத்தில் நீங்கள் பெற்ற விடுதலை சம்பள நாளோடு முடிந்துவிடும்.

இதன் பொருள் ஊரை மறந்துவிடுங்கள் என்பதாகாது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, விருதுநகர் உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊராட்சி நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தேர்தலை உரிய காலத்தில் நடத்தச் சொல்லி ஊருக்காகக் குரல் கொடுக்க உங்களுக்கு அங்கே வாக்கு இருக்க வேண்டிய தேவையில்லை. ஊரிலேயே வாக்கை வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள் கூடும் கிராம சபையில் பாதி நாளாவது வந்து அமர்ந்து கேள்வி கேட்க இயலுமானால் மட்டுமே அந்த முடிவு நேர்மையானது.

நகரத்திலும் அதற்கு நிகரான அமைப்பு இப்போது இருக்கிறது. ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் வாக்காளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட பகுதி சபைகள் 2022 நவம்பர் 1-இல், தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சர் பங்கேற்ற கூட்டத்தோடு தொடங்கப்பட்டன. வாக்காளராக இருப்பவரே அதன் உறுப்பினர் என்பதால், பட்டியலில் பெயரில்லாத வாடகைக் குடியிருப்பாளருக்கு அங்கே பேசும் உரிமை இல்லை. பேசுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் சங்கத்தினர், அவர்கள் கேட்பவை சாலையும் பூங்காவும் தெருநாயும். ஷிப்டு முடிந்து நள்ளிரவில் திரும்புகிறவர்களுக்குப் பேருந்து, வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான தோழி விடுதி தம் பகுதிக்கும் வேண்டும் என்ற கோரிக்கை, சாதியும் மதமும் கேட்டு வீடு மறுப்பதற்கு எதிரான நடவடிக்கை, தூய்மைப் பணியாளருக்கு நிரந்தரப் பணி ஆகியவற்றைக் கேட்கக் கூடியவர்கள் நீங்கள்தாம். நீங்கள் அங்கே இல்லாததால் அவை கேட்கப்படாமலே கூட்டங்கள் முடிகின்றன. முற்போக்கு என்று பெரிதாகப் பேசப்படும் அரசியல், ஒரு வார்டின் அளவில் இந்தக் கோரிக்கைகளாகத்தான் உருவெடுக்க முடியும்.

2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்ற வாக்காளர் பட்டியலிலிருந்தே வார்டு வாரியாகப் பிரித்து எடுக்கப்படுவதால், தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு விழித்துக்கொள்வதில் பயனில்லை. எனவே உங்கள் முன் வைக்கப்படும் வேண்டுகோள் இதுவே: நீங்கள் உண்மையில் வாழ்வது நகரத்தில் என்றால், குடிபெயர்வைப் பதிவதற்கான 8-ஆம் எண் படிவத்தைத் தேர்தல் ஆணையத்தின் செயலியிலோ வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இந்த மாதமே கொடுங்கள், திருத்தத்தில் பெயர் விடுபட்டிருந்தால் 6-ஆம் எண் படிவத்தைக் கொடுங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளில் 18 வயது நிறைவோர் அந்தந்தக் காலாண்டிலேயே சேரலாம் என்பதைப் புதிதாக ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் தம்பிமாரிடமும் தங்கைமாரிடமும் சொல்லி, அவர்களுடைய படிவத்தையும் உடனிருந்து நிரப்புங்கள். பெயர் ஏறிய பிறகு நடக்கும் முதல் பகுதி சபைக்கு அறைத் தோழர் அனைவரும் சேர்ந்து சென்று, உங்கள் வார்டு உறுப்பினரிடம் வாடகையைப் பற்றியும் இரவுப் பேருந்தைப் பற்றியும் தெருவைக் கூட்டுகிறவரின் கூலியைப் பற்றியும் எழுத்தில் கேளுங்கள். அவர் தரும் விடையைக் குறித்துவைத்துக்கொண்டு, 2027-இல் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் அதையே முதல் கேள்வியாக முன்வையுங்கள்.